கதவைத் தட்டிய போலீசார்! கோர்ட்டுக்குப் போன கரக் சிங்!

நடு ராத்திரி. ஊர் அடங்கிவிட்டது. கரக் சிங் தூங்குகிறார்.

படபடவென்று கதவு தட்டப்படுகிறது. வெளியே ஒரே கூச்சல். கரக் சிங் எழுந்து வருகிறார். வந்திருப்பவர்கள் திருடர்கள் அல்ல, போலீசார்!

உத்தரப்பிரதேசத்தில் நடந்தது இது. கரக் சிங் செய்த குற்றம் என்ன?

1941-ம் ஆண்டில் ஒரு கொள்ளை வழக்கில் அவரைப் பிடித்தார்கள். போதிய சாட்சியம் இல்லை. விட்டுவிட்டார்கள். ஆனால் சந்தேகம் மட்டும் போகவில்லை! போலீசார் அவர் பெயருக்கு ஓர் ஏடு திறந்தார்கள். நம் ஊரில் "கேடி லிஸ்ட்" என்பார்களே, அது போன்றது.

அன்று முதல் அவருக்கு நிம்மதி இல்லை. வெளியூர் போனால் கிராமக் காவல்காரரிடம் சொல்ல வேண்டும். எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்ற விவரமும் கொடுக்க வேண்டும். போகிற ஊரிலும் போலீசார் கண் வைப்பார்கள்.

கரக் சிங் பொறுத்துப் பார்த்தார். பிறகு சுப்ரீம் கோர்ட்டின் கதவை அவர் தட்டினார்!

6 நீதிபதிகள்

6 நீதிபதிகள் விசாரித்தார்கள். 1962 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ராத்திரியில் வீடு தேடிப் போய்த் தொல்லை கொடுப்பது செல்லாது என்று 6 பேருமே சொன்னார்கள்.

மற்றக் கண்காணிப்பு? அது செல்லும் என்றனர் 4 பேர். அந்தரங்க உரிமை என்று ஒன்று அரசியல் சட்டத்தில் இல்லை என்பது அவர்கள் கருத்து. நீதிபதி சுப்பாராவும் நீதிபதி ஷாவும் இதை ஏற்கவில்லை. எந்நேரமும் ஒருவனைக் கண்காணித்தால் அவனுக்குச் சுதந்திரம் ஏது என்று கேட்டார் சுப்பாராவ்.

அன்று அது சிறுபான்மைத் தீர்ப்பு. ஆனால் காலம் மாறியது!

1996-ல் டெலிபோன் ஒட்டுக்கேட்பு வழக்கு வந்தது. வீட்டிலோ ஆபீசிலோ ஒருவர் டெலிபோனில் பேசுவது அவருடைய அந்தரங்கம் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. இஷ்டம்போல் ஒட்டுக்கேட்கத் தடை போட்டது.

2017 ஆகஸ்டு 24-ந் தேதி 9 நீதிபதிகள் ஒரே முடிவாகச் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை! ஆதார் வழக்கில் எழுந்த கேள்விக்கு வந்த பதில் அது. சுப்பாராவ் சொன்னதே சரி என்று 55 ஆண்டு கழித்து ஆயிற்று.

அப்படியானால் அரசாங்கம் யாரையும் கண்காணிக்கவே கூடாதா? கண்காணிக்கலாம். ஆனால் அதற்குச் சட்டம் வேண்டும். தக்க காரணம் வேண்டும். அளவும் மீறக்கூடாது.

தனியார் துப்பறிவாளர்

போலீசார் மட்டுமா? இன்று பணம் கொடுத்தால் துப்பறிந்து சொல்லத் தனியார் கம்பெனிகள் இருக்கின்றன. மாப்பிள்ளை எப்படி, பெண் எப்படி என்று விசாரிக்கச் சொல்கிறார்கள் பெற்றோர்கள். கணவன் மீது மனைவிக்குச் சந்தேகம், மனைவி மீது கணவனுக்குச் சந்தேகம் என்றும் போகிறார்கள்.

அக்கம் பக்கத்தில் விசாரிப்பது பழைய வழக்கம். அது குற்றம் அல்ல. ஆனால் துப்பறிவதற்கும் எல்லை உண்டு. ஒருவர் யார் யாரோடு டெலிபோனில் பேசினார் என்ற பட்டியலைத் திருட்டுத்தனமாக வாங்குவது குற்றம். 2018-ல் மராட்டிய மாநிலம் தானேயில் இதற்காகத் துப்பறிவாளர்களே கைதானார்கள்! பெண்ணின் அந்தரங்கத்தை ஒளிந்திருந்து படம் பிடித்தால், முதல் தடவையே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை.

கணவன் மனைவி விஷயத்தில் கோர்ட்டு வேறு விதமாகவும் பார்க்கிறது. ஒருவர் பேச்சை மற்றவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும், விவாகரத்து வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆனால் வழக்கில் ஜெயித்தவருக்குப் போன நம்பிக்கை திரும்பி வருமா?

"மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் பயம் ஏன்?" என்று சிலர் கேட்கலாம். கரக் சிங் மீது எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அவர் தூக்கம் போயிற்று அல்லவா?

பிள்ளைகளின் கடிதமானாலும் சரி, செல்போன் ஆனாலும் சரி, எடுத்துப் பார்க்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்வதில் பாசம் வளரும். ஒளிந்து பார்ப்பதில் பகைதான் வளரும்!