துறைமுகத்தின் எதிரே ஒரு கடைவீதி

உங்கள் பென்சில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சீனாவில் செய்யப்பட்டது என்று அடியில் பொறித்திருக்கலாம். அதை யாரும் வியப்பதில்லை. நம் அன்னையர் சிறுமியராய் இருந்த நாளிலோ, காந்தம் வைத்து மூடும் அயல்நாட்டு டப்பா ஒன்று வகுப்பிற்கு வந்தால் எல்லோரும் சூழ்ந்து நின்று பார்ப்பார்களாம். சென்னையில் அதை வாங்கும் இடம் பர்மா பஜார்.

பர்மாவில் 1962-இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பின்னர் வணிகம் அரசுடைமையாயிற்று. அங்கே தலைமுறைகளாய் வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் தேடிய பொருளை விட்டுக் கப்பலேறினர். அவர்களுள் சிலரது பிழைப்புக்காக 1969-இல் பாரிமுனை அருகே, இராஜாஜி சாலை ஓரத்தில் தோன்றியதே இக்கடைவீதி.

அக்காலத்தில் அயல்நாட்டு நுகர்பொருளை நினைத்தவர் நினைத்தபடி தருவிக்க முடியாது. உரிமம் வேண்டும், சுங்கவரியோ பல பொருள்களுக்கு அவற்றின் விலையையே விஞ்சும். ஆகவே மாலுமிகளும் சிங்கப்பூர்ப் பயணிகளும் பெட்டியில் கொண்டுவந்த கைக்கடிகாரம், டேப் ரிக்கார்டர், செண்ட்டு புட்டி ஆகியவற்றுக்கு இங்கே நல்ல கிராக்கி. வரி கட்டாத சரக்கும் அவற்றுள் உண்டு. சுங்க மாளிகை அதே சாலையில் இருப்பதுதான் வேடிக்கை!

1991 முதல் வரிகள் குறைந்தன. 2001 ஏப்ரலில், எஞ்சியிருந்த 715 வகைப் பொருள்களின் மீதான இறக்குமதிக் கட்டுப்பாடும் நீங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. மாலுமியின் பெட்டி எங்கே, இருபது அடி இரும்புக் கொள்கலன் எங்கே! ஒரு பொருளில் கிடைக்கும் இலாபம் காசுக்கணக்கில் சுருங்கிவிட்டால், ஆயிரக்கணக்கில் வாங்கிக் கிடங்கில் அடுக்க வல்லவரே நிலைப்பார். பொம்மையும் பிளாஸ்டிக் பூவும் விளக்குச் சரமும் ஜார்ஜ் டவுனின் மொத்த வியாபாரத் தெருக்களை நிறைத்தன. நடைபாதைச் சிறுகடைக்குக் கிடங்கு ஏது?

மொத்த வியாபாரிக்கும் நிம்மதி நெடுநாள் இல்லை. 2020-இல் பொம்மைகளுக்கான சுங்கவரி 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆயிற்று. மறு ஆண்டு தரமுத்திரையும் கட்டாயமாயிற்று.

நாங்கள் பர்மா பஜாருக்குச் சென்றபோது முதியவர் ஒருவர் கைப்பேசி உறைகளை விற்றுக்கொண்டிருந்தார். "முன்பு என்ன விற்றீர்கள், ஐயா?" என்று கேட்டோம்.

"கடிகாரம்மா. ஒண்ணு வித்தா அன்னிக்கு அடுப்பு எரியும். இப்போ அம்பது உறை விக்கணும்."

கடிகாரம் பழுதுபார்க்கும் சிறு திருப்புளிகளை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒன்றிலும் துரு இல்லை.