பாலைவனத்துக் கவச வண்டியும் நமது இறப்பரும்

கொட்டாஞ்சேனையைக் கடந்து முகத்துவாரம் நோக்கிச் செல்வோருக்கு றொக் ஹவுஸ் இராணுவ முகாமின் பெயர் புதிதன்று. 1955ஆம் ஆண்டு தோன்றிய நமது கவசப் படையின் இருப்பிடமாகிய அம்முகாமோடு சேர்த்து நினைக்கப்படும் ஃபெரட், சலாடின் முதலான சக்கரக் கவச வாகனங்களைக் கொழும்புத் தமிழர் எந்தெந்தச் சந்தர்ப்பங்களில், எத்தகைய மனநிலையோடு பார்த்தனர் என்பது வேறொரு கட்டுரைக்குரிய விஷயம். மழையும் பசுமையும் மிகுந்த இத்தீவுக்கு வந்து சேர்ந்த அவ்வாகனங்களின் முன்னோர், எகிப்து, லிபியா ஆகிய தேசங்களின் மணலிலே பரீட்சிக்கப்பட்டவை.

இத்தாலி யுத்தப் பிரகடனம் செய்த மறுநாளாகிய 1940 ஜூன் 11 அன்று, பிரித்தானியரின் 11ஆவது ஹுசார் படையினர் பழைய றோல்ஸ் றோய்ஸ் கவச வண்டிகளில் லிபிய எல்லையின் முட்கம்பி வேலியைக் கடந்தனர். எதிரி எங்கே, எத்தனை பேர், எத்திக்கில் நகர்கின்றனர் என்று கண்டு வானொலியில் அறிவிப்பதே அவர்களது பணி. தற்காப்புக்கு இருந்ததோ இயந்திரத் துப்பாக்கியும், 0.55 அங்குலக் குண்டெறியும் பொய்ஸ் துப்பாக்கியுமே. இதன் பலவீனத்தை அனுபவத்தில் உணர்ந்த வீரர்கள், தென்னாபிரிக்காவிலிருந்து வந்த மார்மன் ஹெரிங்டன் வண்டிகள் சிலவற்றின் கூண்டைக் கழற்றிவிட்டு, இத்தாலியரிடம் பறித்த 20 மில்லிமீற்றர் பிரேடா பீரங்கிகளைப் பூட்டிக்கொண்டனர்.

பின்னர் வந்த டெய்ம்லர் வண்டி, 40 மில்லிமீற்றர் வாயுடைய ‘இரண்டு இறாத்தல்’ பீரங்கியைச் சுமந்தது. 500 யார் தூரத்தில் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் உருக்கைத் துளைக்கவல்ல அதன் குண்டு வெறும் திண்ம உலோகமாகையால், மணல்மேட்டின் பின்னே பதுங்கிய பீரங்கிக்காரரை அது அதிகம் வருத்தவில்லை. பெரிய பீரங்கியைப் பூட்டலாமே எனின், அங்கே பௌதிக விதி குறுக்கிடுகிறது: குண்டின் நிறையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தம் எவ்வளவோ, அவ்வளவேனும் பின்னுதைப்பாகத் திரும்பி வந்து, ஏழரைத் தொன் வண்டியின் சட்டத்தையும் விற்சுருளையும் தாக்கும். 1958இல் சேவைக்கு வந்த சலாடின் இச்சிக்கலைத் தந்திரமாகத் தீர்த்தது. அதன் 76 மில்லிமீற்றர் பீரங்கி மெதுவாகச் செல்லும் குண்டையே எறியும். ஆயினும் அக்குண்டிலுள்ள வெடிமருந்து கவசத்தின்மேல் அப்பிக்கொண்டு வெடிக்க, அதிர்வலை உருக்கினூடே பாய்ந்து உட்புறத்துத் தகட்டைச் சிதறடிக்கும். ஊடுருவும் வேகம் அதற்கு வேண்டியதில்லை.

இவ்வளவு சொன்னபின்னும், வேவுக்காரனைக் காப்பாற்றியது பீரங்கி என்று கூற என் மனம் ஒப்பவில்லை. நண்பகல் உஷ்ணத்தில் கானல் அலையும்போது தூரத்தை மதிப்பிடுவதே துர்லபம். சுட்டாலோ, வாயிலிருந்து சீறும் காற்று புழுதியைக் கிளப்பி இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆதலால் டெய்ம்லரை அமைத்தோர் பின்னோக்கிச் செல்ல ஐந்து கியர்களையும், பின்புறத்தில் இரண்டாவது ஸ்டியரிங்கையும் வைத்தனர். திரும்புவதற்கும் அவகாசமின்றி அப்படியே பின்வாங்கி ஓடுவதற்கான ஏற்பாடு அது.

ஓட்டத்துக்கு ஆதாரம் ரயர். காற்றைச் சற்றே இறக்கினால் ரயர் பரந்து நிலத்தழுத்தம் குறைய, மணலில் புதையாமல் வண்டி செல்லும்; ஆனால் அவ்வாறு நசுங்கி நிமிரும் ஒவ்வொரு சுற்றிலும் இறப்பர் சூடேறும். செயற்கை இறப்பர் அச்சூட்டை அதிகமாகத் தேக்குவதால், கனரக ரயர்களுக்கு இயற்கை இறப்பர் இன்றியமையாததாயிற்று. 1942இல் மலாயா ஜப்பானியர் கைப்பட்டபின் நேச நாடுகளுக்கு அதனை வழங்கும் பிரதான தேசமாக எஞ்சியது இலங்கையே. மரத்தின் ஆயுளைப் பொருட்படுத்தாது பட்டையை ஓயாமல் வெட்டிப் பாலெடுக்கும் முறை தோட்டங்களில் அப்போது புகுத்தப்பட்டது. இவ்வாறு வற்றிய மரங்களும் முதுமையால் தளர்ந்தவையும் சேர்ந்து தோட்டங்களின் விளைச்சலைக் குன்றச் செய்ய, 1953இல் இறப்பர் மறுநடுகை மானியச் சட்டத்தை அரசாங்கம் இயற்ற நேர்ந்தது.