கப்பலேறிய ராஜ ரத்தம்

1620. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த சாமுவேல் மோருக்குத் தன் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பார்க்கச் சந்தேகம். நான்கில் பெரும்பாலானவற்றுக்கு அவர் ஜாடை இல்லை. மனைவி கேத்தரினோடு சேர்த்துப் பேசப்பட்ட ஜேக்கப் பிளேக்வேயின் ஜாடைதான் இருந்ததாம். தாய் தடுத்தும் கேட்காமல், நான்கையும் அமெரிக்காவுக்குக் கிளம்பிய மேஃப்ளவர் கப்பலில் ஏற்றிவிட்டார். மூத்தவள் எல்லனுக்கு எட்டு வயது, கடைக்குட்டி மேரிக்கு நான்கு. போன இடத்தில் முதல் குளிர்காலம் கழிவதற்குள் மூன்று குழந்தைகள் செத்துப்போயின. பிழைத்தது ரிச்சர்ட் மட்டும்.

அவன் வளர்ந்து கப்பல் தலைவனானான். வயதான காலத்தில் ஒழுக்கக்கேடு என்று தேவாலயம் அவனைக் கண்டித்தது. மாசசூசெட்ஸின் சேலம் நகரில் அவன் கல்லறைக் கல் இன்னும் நிற்கிறது. 1959இல், மோர் குடும்பத்தின் பரணில் கிடந்த 1622ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று வெளியே வந்தபோதுதான் இந்தக் கதை முழுதாகத் தெரிந்தது. தாய் கேத்தரினின் கொடிவழியைத் தோண்டியவர்கள் போய் நின்ற இடம், இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு. அப்பன் யார் என்ற வழக்கு இந்தக் கணக்கைத் தொடவே இல்லை. ராஜ ரத்தம் தாய் வழியே வந்தது.

இப்படிப்பட்டவர்களை வம்சாவளி ஆய்வாளர்கள் ‘வாசல் மூதாதையர்’ என்கிறார்கள். அப்படி ஒருவர் வரைக்கும் உங்கள் கொடியை ஏற்றிவிட்டால் போதும், அதற்கு மேல் மன்னர்களுக்குப் போகிற படிக்கட்டு ஏற்கெனவே கட்டிவைத்தது. கேரி பாய்ட் ராபர்ட்ஸ் 1993இல் இத்தகைய 500 குடியேறிகளைப் பட்டியலிட்டுப் புத்தகம் போட்டார். 2018 பதிப்பில் அது 900 ஆயிற்று. அவர்களில் யாரும் கிரீடத்தோடு வரவில்லை. அன்றைய இங்கிலாந்தில் நிலம் மூத்த மகனுக்கு. இளையவன் பாதிரியாராகவோ வியாபாரியாகவோ பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான். சில தலைமுறைகளில் அரசன் பேரனின் வாரிசு கிராமத்துப் பாதிரியார் மகளாகிவிடுவாள். ஆன் ஹட்சின்சன் அப்படி வந்தவர். வேதத்தைத் தன் போக்கில் விளக்கியதற்காக 1638இல் பாஸ்டனை விட்டு விரட்டப்பட்டார். அவர் வழியில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரண்டு புஷ்கள் என மூன்று ஜனாதிபதிகள்.

இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் சப்பென்று ஆகிவிடும். 20 தலைமுறை பின்னால் போனால் பாட்டன் பாட்டிகளுக்கான இடம் மட்டும் 10 லட்சத்தைத் தாண்டுகிறது. அதில் எங்காவது ஒரு ராஜா உட்கார்ந்திருப்பது அதிசயமில்லை. அதிசயம், அவரைக் காட்டும் காகிதம் பிழைத்திருப்பதுதான்: ஒரு ஞானஸ்நானப் பதிவு, ஓர் உயில், ஒரு கிரயப் பத்திரம்.

காகிதம் இல்லாதவர்களுக்கு குஸ்தாவ் அஞ்சு இருந்தார். சுவீடனில் போலிப் பத்திரம் தயாரித்துச் சிறைக்குப் போன ஆசாமி. அமெரிக்கா வந்து, பூர்வீகம் தேடிய பணக்காரர்களுக்கு வம்சாவளி எழுதித் தந்தார். ஒரு குடும்பத்துக்கு சுமார் 9,000 டாலர். உண்மையான ஆவணங்களுக்கு நடுவே தேவைக்கேற்ற உயிலையும் பதிவையும் தானே ‘கண்டுபிடித்து’ச் செருகிவிடுவார். 1942இல் அவர் இறந்தார். அவர் உருவாக்கிய பாட்டன்கள் இறக்கவில்லை. இன்றும் அவர்களை நம்பிக்கையோடு தங்கள் கொடியில் ஒட்டிக்கொள்பவர்கள் உண்டு. பிரபுப் பட்டமே கூடாது என்று அரசியல் சட்டத்தில் எழுதிவைத்த நாட்டில்!

உண்மையான இளவரசர் ஒருவரும் அமெரிக்காவுக்கு வந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூட்டா ஜலோன் ஆட்சியாளரின் மகன், அப்துல் ரஹ்மான் இப்ராஹிமா. போரில் பிடிபட்டு 1788இல் மிசிசிப்பியின் நாச்செஸில் விற்கப்பட்டார். தான் இளவரசன் என்று சொன்னதற்கு, ‘பிரின்ஸ்’ என்பதே அவருக்குக் கூப்பிடுகிற பெயராயிற்று. 1807இல் சந்தையில் காய்கறி விற்றுக்கொண்டிருந்தவரை ஒரு வெள்ளைக்கார டாக்டர் அடையாளம் கண்டுகொண்டார். ஜான் காக்ஸ் என்ற அந்த அயர்லாந்துக்காரர், இளவயதில் ஆப்பிரிக்காவில் நோயில் விழுந்து கிடந்தபோது இப்ராஹிமாவின் குடும்பம்தான் வைத்துக் காப்பாற்றியிருந்தது. விலை கொடுத்து மீட்க காக்ஸ் முயன்றார். பண்ணைக்காரர் தாமஸ் ஃபாஸ்டர் விற்க மறுத்துவிட்டார்.

விடுதலை கிடைக்க 1828 ஆயிற்று. பிள்ளைகளை மீட்கப் பணம் திரட்டி ஊர் ஊராக அலைந்தார். எல்லாரையும் மீட்கும் அளவுக்குச் சேரவில்லை. மறு ஆண்டு லைபீரியாவில், சொந்த மண்ணுக்குப் போய்ச் சேருமுன் இறந்தார்.

அமெரிக்காவிலேயே விடப்பட்ட பிள்ளைகளின் வழியில் யாராவது இன்று கொடிவழி தேடினால், 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைக்கும் பெயரைப் பிடித்துக்கொண்டு போகலாம். அதற்கு முந்தைய 1860, 1850 அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயர் முழுதாக இருக்கும். அதன் கீழே வரிசையாக வயது, ஆணா பெண்ணா, நிறம்.