சிறுநீரகம் மாற்றிய பிறகும் பிரஷரா?

மாமியார் தந்த சிறுநீரகத்தோடு நலமாக வாழும் என் நாத்தனார், ஐந்தருவி சீசனுக்கு வந்தபோது கேட்டாள்: "புதுசு வச்ச பிறகும் பிரஷர் ஏன் மதினி?"

நியாயமான கேள்விதான். சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் 'ரெனின்' என்ற ஹார்மோன் சுரக்கும். அதன் விளைவாக ரத்தக் குழாய்கள் இறுகும். உடலில் உப்பு தங்கும். மாற்று அறுவையில் பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. சிறுநீரைச் சரிவரப் பிரிக்காவிட்டாலும் அவை ரெனினைச் சுரக்கலாம். புது உறுப்பை உடல் ஒதுக்காமல் காக்கும் பிரட்னிசோலோன், டாக்ரோலிமஸ் மாத்திரைகளும் பிரஷரை ஏற்றக்கூடும்.

அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், சகோதரிகளே! புதுச் சிறுநீரகமே பழுதாகிவிடும். அடங்காத பிரஷரும் அதை மெல்ல மெல்லக் கெடுக்கும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, அருவிக்கரைக் கடை சிப்ஸ் எல்லாவற்றையும் குறையுங்கள். டாக்டரைக் கேட்காமல் நாட்டு மருந்து வேண்டாம். வீட்டிலேயே பிரஷர் பார்த்து, தேதியோடு நோட்டில் குறித்து, டாக்டரிடம் காட்டுங்கள்.