ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் 7,800 கிலோமீட்டர். உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் அளவு இது. அந்த நூல் பெரும்பாலும் ரஷ்யாவின் மேலேதான் கிடக்கும். 2022 தொடக்கம் வரை பின்லாந்தின் ஃபின்ஏர் விமானங்கள் ஏறத்தாழ அந்த வழியிலேயே பறந்து ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோவைச் சேர்ந்தன. பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வான்வெளியை மூட, ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. அதே பயணம் இப்போது ஏறக்குறைய 13 மணி நேரம். வட துருவத்தை ஒட்டி ஏறி, அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் நீரிணையைக் கடந்து, பசிபிக் பக்கமாக ஜப்பானுக்குள் நுழைவது அதில் ஒரு வழி. வேடிக்கை என்னவென்றால், 1983இல் இதே நிறுவனம் டோக்கியோவுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கியபோதும் சோவியத் வான்வெளியைத் தவிர்க்கத் துருவத்தைச் சுற்றித்தான் போனது. அப்போதும் 13 மணி நேரம்தான். ஆக, இணையத்தில் தட்டினால் வரும் கிலோமீட்டர் கணக்கு வெறும் வடிவியல். அதை வேகத்தால் வகுத்துப் பயண நேரத்தைச் சொல்லிவிட முடியாது.

போர்க்கால விதிவிலக்கை வைத்துப் பொதுவாகப் பேசலாமா என்று கேட்கலாம். எந்தத் தடையும் இல்லாத லண்டன்–நியூயார்க் வழியைப் பாருங்கள். தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். மேற்கே போக ஏறக்குறைய எட்டு மணி நேரம். திரும்பி வர ஏழு, சில நாள் அதற்கும் குறைவு. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் மேற்கே போகிறவர்தான் முந்த வேண்டும் என்று தோன்றும். ஆனால் காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அந்த லாபம் கிடையாது. வித்தியாசத்துக்குக் காரணம், சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம். 2020 பிப்ரவரியில் புயல் வலுவூட்டிய அந்தக் காற்று, ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தை நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் சேர்த்தது. தரைக்கணக்கில் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் அது ஒலித்தடையை உடைக்கவில்லை. சுற்றியிருந்த காற்றே ஓடிக்கொண்டிருந்ததே!

போகும்போது இழந்ததை வரும்போது ஈடுகட்டிவிடலாம் என்பது அடுத்த வாதம். கணக்கு இடம் தராது. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர், காற்றின் வேகம் 150 என்று வைத்துக்கொள்வோம். அதே லண்டன்–நியூயார்க் தூரத்தை எதிர்க்காற்றில் போக 7 மணி 23 நிமிடம், பின்காற்றில் வர 5 மணி 17 நிமிடம். மொத்தம் 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 19 நிமிடத்தில் போய்வந்துவிடலாம். எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும் நேரம் அதிகம் என்பதால்தான் இந்த நஷ்டம். அதனால்தான் அட்லாண்டிக் வான்தடங்களை அன்றன்றைய காற்றைப் பார்த்து வகுக்கிறார்கள். மேற்கே போகும் விமானம் சில நாள் கிரீன்லாந்து வரை வடக்கே விலகும்; தூரம் கூடினாலும் நேரம் மிச்சம்.

அப்படியானால் டிக்கெட்டில் அச்சடித்த நேரத்தையாவது நம்பலாமா? பெரும்பாலும் நம்பலாம். ஆனால் அது பறக்கும் நேரம் மட்டுமல்ல. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கியபின் வாயிலுக்கு வருவது, தாமதத்துக்கென்று நிறுவனங்கள் முன்கூட்டியே சேர்க்கும் கூடுதல் நிமிடங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே விமானம் தரையிறங்கினால், விமானி விரட்டிக்கொண்டு வந்தார் என்று அர்த்தமில்லை.