பறக்கும் கொக்குக்கு எந்த ஷட்டர் வேகம்?

கொக்கிளாய்க் களப்புக்குக் கமராவோடு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. ஒரே இலக்கத்தில் பதில் சொல்ல முடியாது. தேத்தண்ணி ஆறமுன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கொக்கு செக்கனுக்கு 10 மீற்றர் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/100 செக்கன் திறந்திருந்தால் அதற்குள் 10 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 1/1000 என்றால் 1 சென்ரிமீற்றர். படத்தில் குறுக்கே 6000 பிக்சல் இருக்கிறது; களப்பின் 30 மீற்றர் அகலம் அதற்குள் அடங்கினால் அந்த 1 சென்ரிமீற்றர் வெறும் 2 பிக்சல். கண்ணுக்கே படாது. பெரிய லென்ஸால் இழுத்து, ஒன்றரை மீற்றருக்குள் அந்தக் கொக்கை மட்டும் நிரப்பினால் அதுவே 40 பிக்சல். கண்ணும் அலகும் கலங்கிப்போகும். அப்போது 1/2000, 1/3200 வரை போகவேண்டும். சிறகு நுனி உடலைவிட வேகமாக அடிக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே பறவையின் வேகத்தோடு, அது உங்கள் படத்தை எவ்வளவு நிரப்புகிறது, எந்தத் திசையில் போகிறது என்பதையும் பாருங்கள். உங்களை நோக்கி நேரே வருவதற்குக் குறைந்த வேகமே போதும். குறுக்கே போவதோடு சேர்த்துக் கமராவைச் சீராகத் திருப்பினால் 1/60இலும் தலை தெளிவாக விழும்; சிறகும் பின்னால் உள்ள கண்டலும் கோடுகளாக இழுபடும். பறக்கும் உணர்வு அந்தப் படத்தில்தான் அதிகம்.

வீச்சு வலைக்கும் இப்படித்தான். வலை விரியும்போது தெறிக்கும் துளிகளைத் தனித்தனியே காட்ட 1/1000. வீசும் கையின் சுழற்சியைக் காட்ட 1/60.

வேகத்தை இரட்டித்தால் வெளிச்சம் பாதியாகும்; லென்ஸின் துவாரத்தை அகலமாக்கியோ ஐஎஸ்ஓவைக் கூட்டியோ ஈடுசெய்யவேண்டும். காலையில் கடற்பக்கத்து மணல் திட்டில் நின்று களப்பைப் பார்த்தால் வெயில் உங்கள் முதுகுப்பக்கம். வெள்ளைக் கொக்குக்கு ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6 வைத்தே 1/2000ஐ எட்டலாம். 1951 முதல் இந்தக் களப்பு பறவைச் சரணாலயம். பறக்கவைப்பதற்காகக் கூட்டத்தைக் கலைக்காதீர்கள். தானாக எழும்வரை காத்திருங்கள்.

எடுத்ததும் படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். பறவை மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டரைக் கூட்டுங்கள். எல்லாமே ஒரே பக்கம் இழுபட்டிருந்தால் கை அசைந்திருக்கிறது. கண்டல் தெளிவாயும் கொக்கு இழுபடாமலே மங்கலாயும் இருந்தால் ஃபோகஸ் பிழைத்திருக்கிறது. அதற்கு எந்த வேகமும் மருந்தல்ல.