கார்த்தேஜின் ஓராண்டுத் தலைவர்கள்

ரோமுடனான நீண்ட போரில் தோற்ற ஹன்னிபால், கி.மு. 196-இல் தன் ஊரான கார்த்தேஜில் சூஃபெத் ஆனார். பதவிக்கு வந்ததும் கருவூல அதிகாரியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வரவில்லை. பதவிக்காலம் முடிந்ததும் அந்த அதிகாரி நீதிபதிகள் அவைக்குப் போகவிருந்தார். அங்கே இடம் பிடித்தவரை ஆயுள் முழுக்க யாராலும் அசைக்க முடியாது. ஹன்னிபால் ஆளனுப்பி அவரைப் பிடித்துவரச் செய்து, மக்கள் அவை முன்னால் நிறுத்தினார். நீதிபதிகளை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்க வேண்டும், அடுத்தடுத்து இரண்டு ஆண்டு ஒருவரே இருக்கக் கூடாது என்று அங்கேயே சட்டமும் நிறைவேறியது.

இன்றைய துனிசியாவின் கடற்கரையில் இருந்த கார்த்தேஜ், ஃபினீசியர்கள் உருவாக்கிய வணிக நகரம். அதன் மிக உயர்ந்த பதவி சூஃபெத். வழக்குகளை விசாரிப்பதும் அவையைக் கூட்டுவதும் அவர்கள் வேலை. ஆண்டுக்கு இருவர், அவர்கள் பெயரைச் சொல்லியே ஆண்டையும் குறித்தார்கள். பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் 1845-இல் கிடைத்த கார்த்தேஜியரின் பூனிக் மொழிக் கல்வெட்டு, கோயில் பலிகளுக்கான கட்டண அட்டவணை. அது எந்த சூஃபெத் காலத்தது என்று முதலிலேயே சொல்கிறது. ஒரு மாட்டைப் பலியிட்டால் பூசாரிக்குப் பத்து வெள்ளி. கால்நடையோ பறவையோ இல்லாத ஏழையிடம் எதுவும் வாங்கக் கூடாது.

இந்த அமைப்பின் நுட்பம், படையை சூஃபெத்துகளின் கையில் கொடுக்காததுதான். தளபதிகளைத் தனியே தேர்ந்தெடுத்தார்கள். திரும்பிவந்த தளபதி 104 பேர் கொண்ட மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்; தோற்றவரைச் சிலுவையில் அறைந்ததும் உண்டு. கொடுமைதான். ஆனாலும் படைபலத்தால் ஊரைப் பிடித்துக்கொண்ட கொடுங்கோலன் எவனும் அங்கே எழவில்லை என்று அரிஸ்டாட்டில் வியந்தார். சூஃபெத்துகளும் மூத்தோர் அவையும் ஒத்துப்போகாவிட்டால் விவகாரம் மக்களிடம் போகும். அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து எதிர்த்துப் பேசலாம். பணமில்லாதவர் பதவிக்கு வர முடியாததை அரிஸ்டாட்டில் குறையாகச் சொன்னார். நியாயமான குறை அது.

இதற்கு மாறாக, கார்த்தேஜின் தாய் நகரமான தீருவில் வழிவழியாக அரசர்களே ஆண்டார்கள். பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் 13 ஆண்டு முற்றுகைக்குப் பிறகு சில காலம் நீதிபதிகள் ஆண்டார்கள். அவர்களில் ஒருவர் இரண்டே மாதம்.

மறுபடி கார்த்தேஜுக்கு வருவோம். சூஃபெத்தாக இருந்த ஹன்னிபாலின் தணிக்கையில், ஊர் வருவாயைப் பெருந்தலைகள் விழுங்கியது அம்பலமானது. அதை மீட்டாலே ரோமுக்கான தண்டத் தொகையைப் புது வரி இல்லாமல் கட்டிவிடலாம் என்று அவர் அறிவித்தார். பணத்தை இழந்தவர்கள் ரோமிடம் கோள் சொன்னார்கள். கி.மு. 195-இல் அவர் இரவோடிரவாகத் தப்பிக் கடலேற வேண்டியதாயிற்று.

கி.மு. 146-இல் ரோம் கார்த்தேஜை அழித்தது. ஆனால் பதவி அழியவில்லை. லிபியாவின் லெப்டிஸ் மாக்னாவில் கி.மு. 8-இல் சந்தைக் கட்டடம் எழுப்பிய அன்னோபால் என்ற செல்வர் ஒரு சூஃபெத். பின்னர் அவரே கட்டிய நாடக அரங்கின் கல்வெட்டு இலத்தீனிலும் பூனிக்கிலும் இருக்கிறது. பேரரசர் டிராஜன் அந்த ஊருக்கு ரோமக் குடியேற்ற நகர் என்ற தகுதியைக் கொடுத்த பிறகுதான், சூஃபெத்துகளின் இடத்துக்கு ரோமப் பட்டம் பெற்ற இருவர் வந்தார்கள்.